ஆஃப் டைமில் கிழக்கு கேட்டைத் திற

நைனா,

நீ அனுப்பிய வி.ஐ.பி. பாஸ் வந்து சேர்ந்தது. மெத்தை வைத்த நாற்காலி, இடைவேளையில் ஒரு டப்பா பலகாரம், கழுத்தில் மாட்டிக்கொள்ள எனக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு அட்டை. உன் அப்பா தன்னுடையதை உடனே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவருடையதை அவர் வைத்துக்கொள்ளட்டும், அது உங்கள் இருவர் பாடு. என்னுடையதை இந்தக் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு எழுதுவதை ஊரார் படிக்கும்படி எழுதலாமா என்று உன் அப்பா கேட்டார். நந்தனம் சிக்னலிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் முகத்தை ஒட்டி வைத்திருக்கிறாய். ஊருக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது நீ, அதனால் பதிலும் ஊருக்கு முன்னால்தான் வரும். ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடப்போகிறேன். மைதானத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடைச் சுவரிலும் ஒரு நகல் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

புது முதலாளிகள் வாங்கிய நம் ஃபுட்பால் கிளப்பில் டிக்கெட்டும் விளம்பரமும் உன் பொறுப்பு. அந்தப் படத்தை நீ எப்படி எடுத்தாய் என்று படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். போன மாதம் ஒரு நாள், "கிளப் ஹிஸ்டரிக்கு ஒரு போட்டோம்மா, அஞ்சு நிமிஷம்" என்று கூட்டிக்கொண்டு போனாய். புடவைக்கு மேல் புது ஜெர்சியை மாட்டினார்கள். ஒரு பெண் வந்து முகத்தில் பவுடர் அப்பினாள். போட்டோக்காரர், "கோல் விழுந்த மாதிரி கத்துங்கம்மா" என்றார். கோல் விழாமல் எனக்குக் கத்த வராது என்றேன். நீ உன் போனில் போன வருஷத்து ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினாய், நானும் இளிச்சவாய்த்தனமாகக் கத்தினேன். அதுதான் இன்றைக்கு போஸ்டர். படத்துக்குக் கீழே பெரிதாக 'இது நம்ம ஆத்தோரம்' என்று போட்டிருக்கிறாய். அதற்கும் கீழே பொடி எழுத்தில், டிக்கெட் ஆப்பில் மட்டும் கிடைக்கும், நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று என்னென்னவோ. நான் பொடி எழுத்தைப் படிக்கவில்லை. முதல் தடவை பார்த்தபோது என் மூக்கைத்தான் பார்த்தேன், ரொம்பப் பெரிதாக இருந்தது.

பொடி எழுத்தைப் படித்தது சரோஜா வீட்டார்தான். சரோஜாவை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டின வரிசையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். நான் கல்யாணமாகி ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் போனேன், அவள் அங்கேயே இருந்தாள். நம் கிளப்புக்கு ஆத்தோரம் என்று பெயர் வந்ததே அந்த வரிசையால்தான், ஆரம்பத்தில் ஆடின பதினோரு பேரில் எட்டுப் பேர் அங்கே பிறந்தவர்கள். அணியின் ஜெர்சியெல்லாம் வருஷக்கணக்காக சரோஜா கையால்தான் வெளுத்தது. பிறகு ஆற்றோரத்தைக் காலி செய்து அவர்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி இன்றைக்கும் ஆட்டத்துக்கு வருகிறாள், கிழக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். அவள்தான் போன் பண்ணினாள்.

"அக்கா, போஸ்டர்ல சோக்கா கீற. எம் பொண்ணு போட்டோ புட்ச்சி அனுப்புனா."

"அடி போடி. மூக்கு மட்டும்தான் தெரியுது."

"அது கெடக்கட்டும். டிக்கெட்டு முந்நூத்தம்பதாமே? ஆஃப் டைமுக்கும் கேட்டு தொறக்க மாட்டாங்களாம். மெய்யாலுமா?"

"எவன் சொன்னது? என் பையன்தானே அங்க இருக்கான். அப்படியெல்லாம் இருக்காது."

"அதான்க்கா நானும் சொன்னேன். அக்கா மூஞ்சிய ஒட்டிக்கினு அந்த மாரி செய்வாங்களான்னு."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அன்றைக்கே உன் அடையாறு வீட்டுக்குக் கிளம்பி வந்தேன். நீ லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகக் காட்டினாய். ஆட்டம் நெருங்க நெருங்க விலை ஏறும். பெரிய அணியோடு மோதினால் இன்னும் ஏறும். சீக்கிரம் வாங்கினால் குறையும். நாலு பேராக வாங்கினால் ஒரு பாப்கார்ன் இலவசம். கிழக்குப் பக்கத்துக்குப் பெயரே மாறிவிட்டது.

"கிழக்கு பக்கம் இனிமே ஃபேன் ஜோன்மா. செல்ஃபி பாயிண்ட் வெக்கறோம், டிரம்ஸ் டீம் வெக்கறோம். வர்றவங்களுக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் குடுக்கணும்."

"டிரம்ஸுக்கு எதுக்குடா ஆளு? நம்ம சரோஜா வீட்டுப் பசங்க அடிப்பாங்களே."

"வெளி வாத்தியம் அலவ் பண்ண முடியாதும்மா. செக்யூரிட்டி ரூல்."

அதாவது, இத்தனை வருஷம் ஓசியில் மேளம் அடித்தவனை வெளியே நிறுத்திவிட்டு, கூலிக்கு அடிக்கிறவனை உள்ளே கூட்டி வந்து, அதைக் கேட்பதற்கு முந்நூற்றைம்பது ரூபாய் டிக்கெட். இதற்கு உன்னை நான் இரண்டு வருஷம் மேல்படிப்பு படிக்க வைத்தேன். ஆஃப் டைம் கேட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது லீக்கேஜ்மா, எந்த புரொபஷனல் கிளப்லயும் அப்படிச் செய்ய மாட்டாங்க" என்றாய். லீக்கேஜ் என்று சொல்ல அவர்கள் என்ன தண்ணீர்க் குழாயா, ஆட்கள் நைனா, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆட்கள் என்றேன். நான் குரலை உயர்த்தினதும் நீ லேப்டாப்பை மூடினாய். "நான் முடிவு பண்ணலம்மா. மேனேஜ்மென்ட் டெசிஷன். நான் என்ன பண்றது" என்றாய். அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அம்மா தோற்றுவிட்டாள் என்று நினைத்திருப்பாய். உன் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஏன் வாயடைத்துப் போனேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவி கண்ணை மூடிக்கொண்டு கத்துகிறாள் என்பாய். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தாமதமாகிறது என்பது எனக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் வலது பக்க ஆட்டக்காரப் பையனுக்குக் கால் முறிந்தபோது மைதானத்தில் ஆம்புலன்ஸ் கிடையாது, ஆட்டோவில் படுக்க வைத்து உன் அப்பாதான் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனார். அந்தப் பையன் வழி முழுக்க அழுதானாம். இனிமேல் அப்படி நடக்கக் கூடாது என்று நீ சொன்னபோது உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன், இப்போதும் படுகிறேன். பணம் வேண்டும், இல்லை என்று யார் சொன்னது? மேற்குப் பக்கம் நிழலில் உட்காருகிறவர்களிடம் வாங்கு. அவர்கள் காரில் வருகிறார்கள், பார்க்கிங்குக்கு வாங்கு. ஜெர்சி மார்பில் பெயர் போடுகிறவனிடம் வாங்கு. மெத்தை நாற்காலிக்கு ஆயிரம் வை, இரண்டாயிரம் வை, நான் கேட்கவே மாட்டேன். ஆனால் கிழக்குப் பக்கத்துப் பெயரை மேற்கே விற்றுவிட்டு, கிழக்குப் பக்கத்து ஆளை ரோட்டில் நிறுத்தாதே. 'நம்ம ஆத்தோரம்' என்று போஸ்டர் அடிக்கிறாய். அந்த 'நம்ம' யார் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறாயா?

புதிதாக வருகிறவர்களுக்கு அந்த கேட்டின் கதை தெரியாது. நம் ஆட்டம் நாலரை மணிக்கு ஆரம்பிக்கும். ஆஃப் டைம் ஐந்தேகாலுக்கு. கிழக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புக் கம்பி கேட் அப்போது திறக்கும், அதன் பிறகு வருகிறவர்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. இதை யாரும் தர்மத்துக்காக ஆரம்பிக்கவில்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், லோடு வண்டி ஓட்டுகிறவர்கள், மீன் விற்றுவிட்டு வருகிறவர்கள், இவர்கள் யாருக்கும் ஐந்து மணிக்கு முன்னால் வேலை முடியாது. பாதி ஆட்டத்துக்கு எப்படி முழு டிக்கெட் வாங்குவது என்று பழைய கமிட்டியில் சண்டை வந்து, கடைசியில் வாங்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. டாஸில் ஜெயித்தால் நம் கேப்டன் எந்தப் பக்கத்தை எடுப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பாதியில் கிழக்குக் கோலை நோக்கி அடிக்கிற மாதிரிதான் எடுப்பான். பாதி ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உள்ளே வந்து உட்காரும்போது கோல் அவர்கள் கண்ணுக்கு முன்னால் விழ வேண்டும். வெயில் கண்ணில் அடித்தாலும், காற்று எதிரே வந்தாலும் உன் அப்பா கேப்டனாக இருந்தவரைக்கும் அதைத்தான் எடுத்தார். எதிரணிக்காரர்கள் நம்மைக் கிறுக்கர்கள் என்றார்கள், நாமும் மறுக்கவில்லை.

நீ தள்ளுபடியைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தாய் அல்லவா, சீக்கிரம் வாங்கினால் மலிவு என்று. நைனா, நான் முப்பது வருஷம் ஆடி மாதத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் போய்ச் சேதாரமில்லாமல் வெளியே வந்தவள். ஏற்றிவிட்டு இறக்குவது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நம் அணிக்கு ஜெர்சித் துணி கொடுத்தவர் தி.நகரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. மூன்று மாடிக் கடை, ஆனால் வாசலில் முதல் மேஜையில் கர்சீப்பும் ரிப்பனும்தான் இருக்கும். இவ்வளவு பெரிய கடையில் வாசலில் போய் இதை வைத்திருக்கிறீர்களே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அம்மா, அஞ்சு ரூவா கர்சீப்பு வாங்க வாரவளை ஏறெடுத்துப் பாக்கலைன்னு வையுங்க, நாளைக்கு அவ மக கல்யாணப் பட்டு எடுக்க அடுத்த கடைக்குப் போயிருவா. நான் கர்சீப்பா விக்கேன்?" என்றார். அவர் உன் காலேஜில் படிக்கவில்லை. உன் கணக்கில் கிழக்குப் பக்கம் நஷ்டம். அண்ணாச்சி கணக்கில் அதுதான் வாசல்.

இனி நான் சொல்லப் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். அன்றைக்கு லேப்டாப்பில் ஒரு பக்கத்தைப் பெருமையாகக் காட்டினாய். கிளப் வரலாற்றிலேயே அதிக வசூல், பழைய பைனல் ஒன்று. விலையை மூன்று மடங்கு ஏற்றியும் கூட்டம் வந்தது, ஆஃப் டைமில் கேட் திறக்கவில்லை, ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று கீழே எழுதியிருந்தாய். "பாத்தியாம்மா, அப்பவே நீங்க செஞ்சிருக்கீங்க. உன் டேபிள்ல வித்த டிக்கெட்தான் இது" என்றாய். புது முதலாளிகளுக்கு அதைக் காட்டித்தான் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கினாய் என்றும் சொன்னாய். உனக்கு அப்போது எட்டு வயது. மேற்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய். கிழக்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வழியில்லை.

நான் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் என்பதால் கணக்கு சரியாக இருக்கும் என்று கமிட்டி டிக்கெட் மேஜையை என்னிடம் கொடுத்திருந்தது. கேட் சாவியும் என்னிடம்தான். அந்த பைனலில் எதிரணி ஒரு பெரிய ஆபீஸ் டீம். அவர்கள் ஆட்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், கேட்ட விலையைக் கொடுத்தார்கள், கிழக்குப் பக்கமும் நிறைந்துவிட்டது. ஆஃப் டைம் நெருங்கும்போது செயலாளர் என்னிடம் வந்து, கேட்டைத் திறப்பதா வேண்டாமா, உன் இஷ்டம் அம்மா, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் யோசித்தேன். திறந்தால் மூன்று மடங்கு கொடுத்து வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், இன்னொன்றும் தோன்றியது. இவ்வளவு வசூல் இதுவரை யாரும் பார்த்ததில்லை, அது என் கையில் நடந்தது, அது அப்படியே நல்லபடியாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் மனுஷிக்கு ஒரு திமிர் வரும் நைனா, அது எனக்கும் வந்தது.

விசில் ஊதினார்கள். கேட்டுக்கு வெளியே வழக்கம்போல் அறுபது எழுபது பேர் நின்றார்கள். முன்னால் சரோஜா. அன்றைக்கு அணி போட்டுக்கொண்டிருந்த ஜெர்சியைக் காலையில்தான் தன் கையால் இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, ஆஃப் டைம் ஆயிடுச்சே. இன்னா தொறக்கல?"

"கமிட்டி முடிவு சரோஜா. நான் என்ன பண்றது."

இதுதான் நான் சொன்னது. கமிட்டி ஒரு முடிவும் செய்யவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. கமிட்டிக்கு முகம் கிடையாது, அதைப் பார்த்து யாரும் கோபப்பட முடியாது, அதனால் அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் ஒரு பத்து நிமிஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கத்தவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். நீ எழுதினாயே ஏற்றுக்கொண்டார்கள் என்று, அது இதுதான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் உன் அப்பா ஒரு கார்னரில் தலையால் முட்டி கோல் போட்டார். வாழ்நாளில் அவர் போட்டது மொத்தமே நாலு கோல். கையைத் தூக்கிக்கொண்டு எப்போதும்போல் கிழக்குப் பக்கம் ஓடினார். அங்கே உட்கார்ந்திருந்தது முழுக்க எதிரணி ஆட்கள். பாதி வழியில் நின்று, கையை இறக்கிக்கொண்டு, திரும்பி நடந்து வந்தார். கோப்பையை ஜெயித்தோம். வீட்டுக்கு வந்து, "கேட்டு தொறக்கலியா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அவரிடமும் கமிட்டி என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்த கோலைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

உன் வீட்டில் நீ "மேனேஜ்மென்ட் டெசிஷன், நான் என்ன பண்றது" என்றபோது எனக்கு ஏன் வாயடைத்தது என்று இப்போது புரிந்திருக்கும். உன் மூக்கு அப்பாவுடையது, நெற்றி அப்பாவுடையது. இது ஒன்று மட்டும் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது என்றால், என்ன சொல்லி உன்னைத் திட்டுவது? உன் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். ஆனால் அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட முடியாது. நான் செய்த ஒரு நாள் தப்பை நீ எல்லா நாளைக்கும் சட்டமாக்கப் பார்க்கிறாய். என் வெட்கத்தை ஆதாரமாகக் காட்டி ஒப்புதல் வாங்கியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை உன் லேப்டாப்பிலிருந்து எடுத்துவிடு. முதலாளிகளிடம் போய், அந்த வசூல் ஒரு பொய்யால் வந்தது, பொய் சொன்னவள் என் அம்மா என்று சொல். என் பெயர் கெடும் என்று யோசிக்காதே, அதை நானே இங்கே கெடுத்தாயிற்று.

இதில் முதல் பக்கத்தை எழுதியதும் செம்மஞ்சேரிக்குப் போனேன். முதலில் அவளிடம் சொல்லாமல் ஊருக்குச் சொல்வது சரியில்லை என்று தோன்றியது. மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை, என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறியது. சரோஜா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டி இல்லை, நான்தான் என்றேன். அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"சாவி உன் இடுப்புல தொங்கிக்கினு கீது. நீ கமிட்டின்ற. அன்னிக்கு ராவே செக்ரட்ரி ஊட்டுக்காரி சொல்ட்டா."

"இருபத்திநாலு வருஷமா ஏன்டி கேக்கல?"

"கேட்டா இன்னா பண்ணுவ? அழுவ. நா உன்ன சமாதானம் பண்ணிக்கினு குந்தணும். எனக்கு மேட்ச் பாக்கணும்க்கா."

அவள் மன்னித்துவிட்டாள் என்று இதை எடுத்துக்கொள்ளாதே, நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மன்னிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த பைனலுக்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க அவள் மைதானத்துப் பக்கமே வரவில்லை, ஜெர்சியையும் வேறு ஆளைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். அப்போது வேலை அதிகம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்தபோது எதற்காக வந்தாள் என்று இப்போதுதான் புரிந்தது. எனக்காக இல்லை, ஆட்டத்துக்காக. நான் அழத்தான் செய்தேன், அவள் மீனைக் கழுவி முடித்தாள். என் படத்தை எல்லா இடத்திலிருந்தும் கிழிக்கச் சொல்லப்போகிறேன் என்றேன். அதற்குத்தான் அவள் கோபப்பட்டாள். "படத்த இன்னாத்துக்குக் கிய்க்கணும்? நல்லாத்தானே கீது. நம்ம ஆளு மூஞ்சி ஒண்ணாவது மவுண்ட் ரோட்டுல இருக்கட்டும். டிக்கெட்ட எறக்க சொல்லு. கேட்ட தொறக்க சொல்லு" என்றாள்.

அதனால் என் படம் இருக்கட்டும். எடுக்கச் சொல்லிக் கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நான் கேட்பதைக் கேள். கிழக்குப் பக்கத்துக்குப் போன வருஷம் என்ன டிக்கெட்டோ அதுவேதான் இந்த வருஷமும். நாற்பது ரூபாயைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் அங்கே உட்கார வேண்டும், ஆப் இல்லாதவளும் ஆட்டம் பார்க்க வேண்டும். அவர்கள் மேளம் உள்ளே வர வேண்டும். ஆஃப் டைமில் கேட் திறக்க வேண்டும், அதைப் போஸ்டரில் என் படத்துக்குக் கீழே போட வேண்டும், என் மூக்கு அளவுக்குப் பெரிய எழுத்தில். இதனால் உன் வேலைக்கு ஆபத்து வரும் என்றால், வரட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உன் வீட்டுக் கடன் எனக்குத் தெரியும், உன் மனைவிக்கு இது ஏழாவது மாதம் என்பதும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். உன் வேலைக்காக நான் அவர்களை இரண்டாவது தடவை வெளியே நிறுத்த மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். நான் கிழக்கு கேட்டுக்கு வெளியே நிற்பேன். சரோஜா வருகிறாள், அவள் பெண் வருகிறாள், செம்மஞ்சேரியிலிருந்து ஒரு வேன் பேசியிருக்கிறார்கள். மேளமும் வருகிறது, ரோட்டில் அடிப்பதற்கு உன் செக்யூரிட்டியிடம் கேட்க வேண்டியதில்லை. உன் அப்பா என்ன செய்யப்போகிறார் என்று அவரே இன்னும் சொல்லவில்லை. இன்று காலையில் இந்தக் கடிதத்தைப் படித்தார். பைனல் வரும் இடத்தை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். படித்துவிட்டு அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

ஆஃப் டைம் விசில் ஊதும்போது கேட் திறந்தால் நாங்கள் உள்ளே வருவோம், சத்தம் போடுவோம், உனக்கு அந்தக் கூலி டிரம்ஸ்காரர்கள் தேவைப்பட மாட்டார்கள். திறக்காவிட்டால் செக்யூரிட்டியை அனுப்பாதே, மைக்கில் அறிவிப்பு கொடுக்காதே, எனக்கு மெசேஜ் போடாதே. நீயே நடந்து வா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, சரோஜாவின் முகத்தைப் பார்த்து, "நான்தான் தொறக்கல" என்று சொல். மேனேஜ்மென்ட் என்ற வார்த்தை உன் வாயில் வரக்கூடாது. அப்படி உன்னால் சொல்ல முடிந்தால் நாங்கள் மறுபேச்சு பேசாமல் பஸ் ஏறிப் போய்விடுகிறோம். சொல்ல முடியவில்லை என்றால் அங்கேயே நிற்காதே, போய்ச் சாவியைக் கொண்டு வா.

அம்மா